மாத்திரை, ஊசி, பாட்டில்

விழுங்குவதற்கு முன்னால் செங்கேணி அந்த மாத்திரையைத் திட்டுவாள். "இத்தினியூண்டு கீற, என் உடம்பையே அடுப்பாக்கி வெச்சிருக்கியே, நீ நல்லா இருப்பியா?" என்று உள்ளங்கையில் கிடக்கும் அதைக் கேட்டுவிட்டு, வாயில் போட்டு, சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பாள். காவாந்தண்டலத்தில் அவள் தெருக்காரர்கள் பலருக்கு அந்தக் குரல்தான் காலை ஆனதற்கு அடையாளம்.

அடுப்பு என்பது பொய்யில்லை. மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு நேரங்காலம் இல்லாமல் உடம்பு கொதிக்கும். கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டும். அப்போது கணவர் வேதகிரி எங்கிருந்தாலும் வந்து, பின்னால் நின்று, ஒரு அட்டையால் விசிறுவார். "பேச்சு வராது இந்த மனுசனுக்கு. காத்து மட்டும் வரும்" என்பாள் செங்கேணி. சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும்.

ஐம்பதைத் தாண்டியவள். நடவு, களை, அறுப்பு என்று கழனி வேலை எதுவானாலும் வரிசையின் நடுவில்தான் நிற்பாள். ஓரத்தில் நின்றால் பேசுவது பாதிப் பேருக்குக் கேட்காதாம். யார் எது கேட்டாலும் கொடுத்துவிடுகிற கை. அரிவாள், ஆட்டுக்கல், நல்ல புடவை, பேத்திக்கு வைத்திருந்த பால் பவுடர் என்று எதுவும் அவள் வீட்டில் தங்காது. "வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறன்?" என்பாள்.

மார்பில் கட்டி இருப்பதைக் குளிக்கும்போது கண்டவள் அவளேதான். காஞ்சிபுரத்துக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினாள். புற்றுநோய் என்றார்கள். கட்டியை வெட்டி எடுத்தார்கள், ஊரில் கரண்ட்டு என்று சொல்லும் கதிர்வீச்சு கொடுத்தார்கள், பிறகு வருடக்கணக்கில் சாப்பிடச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். தலைமுடி கொட்டவில்லை. அடுத்த பட்டத்துக்கே நடவுக்கு இறங்கிவிட்டாள். கதையை ஊருக்குச் சொன்னபோது வெட்டியதையும் கதிர்வீச்சையும் சுருக்கிவிட்டாள். மாத்திரையோடு நடக்கும் சண்டையை மட்டும் நீட்டி நீட்டிச் சொன்னாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். அதனால் அவளைச் சுற்றி நான்கு ஊருக்குப் பரவிய சேதி ஒன்றுதான்: செங்கேணி மாத்திரை போட்டே கேன்சரை விரட்டிவிட்டாள்.

அந்தச் சேதிதான் ஷாரோன் வீட்டிலும் நுழைந்தது.

ஷாரோன் அதே ஊர்க்காரி, செங்கேணியோடு களையெடுக்க வருகிறவள், நாற்பதைத் தொடாத வயது. கணவன் ஜான்சன் கொத்து வேலை செய்கிறவன். அவளுக்கும் மார்பில் கட்டி. அதே ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, முதலில் கீமோ, பிறகு அறுவை சிகிச்சை என்றார்கள். பயந்துபோய்த் திரும்பியவள் நேராகச் செங்கேணியிடம் வந்தாள்.

"எக்கா, முடியெல்லாம் பூடுமாம். வாந்தி வருமாம். உனக்கு மட்டும் எப்டிக்கா மாத்திரையிலயே சரியாப் போச்சு? எனக்கும் குடேன்."

செங்கேணி யோசிக்கவில்லை. கேட்டதைக் கொடுத்துப் பழகிய கை. பானைக்குப் பின்னால் இருந்த பையிலிருந்து ஒரு அட்டை மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். "வெறும் வயித்துல போடாதமே. போடறதுக்கு முந்தி நல்லாத் திட்டு" என்று சொல்லியும் அனுப்பினாள். ஷாரோன் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போனபோது, டாக்டர் ஜெயப்பிரியாவிடம் செங்கேணி இதைப் பெருமையாகவே சொன்னாள்.

"எங்க ஊரு பொண்ணுக்கும் இதே வியாதி டாக்டரம்மா. நம்ம மாத்திரையில ஒரு அட்டை குடுத்துட்டன். பாவம், சின்னஞ்சிறுசு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அவங்களுக்கு எந்த வகைன்னு சொன்னாங்களா?"

"மூணு டெஸ்ட்டு பாத்தாங்களாம். மூணுமே இல்லையாம். நல்ல சேதிதானே?"

"இல்லம்மா" என்றார் ஜெயப்பிரியா. நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். "மார்பகப் புற்றுநோய்னு பேருதான் ஒண்ணு. உள்ள வகை வேற வேற. உங்க கட்டி உடம்புல ஊறுற ஹார்மோனால வளர்ந்தது. மாத்திரை அந்த ஹார்மோனைக் குறைக்குது. சிலருக்கு ஹெர்-டூன்னு ஒரு புரதம் அதிகமா இருக்கும். அதுக்குன்னே ஊசி இருக்கு."

"நஜீமா போட்டுக்குதே, அதுவா?"

நஜீமா உத்திரமேரூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். ஆஸ்பத்திரி பெஞ்சில் செங்கேணிக்குக் கிடைத்த சிநேகிதி.

"அதேதான். உங்க ஊர்ப் பொண்ணுக்கு ரெண்டு ஹார்மோன் டெஸ்ட்டும் இல்லைன்னு வந்திருக்கு, ஹெர்-டூவும் இல்லை. அப்போ உங்க மாத்திரைக்கு அங்க வேலையே கிடையாது. அது சீக்கிரம் பரவுற வகை. ஆனா கீமோவுக்கு நல்லாக் கட்டுப்படும். இப்பவே ஆரம்பிக்கணும். மாத்திரையை நம்பி உக்காந்திருந்தா கஷ்டம்மா."

அன்று ஓரிக்கை தாண்டி, பாலாறு தாண்டி, மாகறல் வரும்வரை செங்கேணி பேருந்தில் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேதகிரி பயந்துபோய் விசிற ஆரம்பித்தார். "சூடு இல்ல, வுடு" என்றாள். நல்லது என்று நினைத்துக் கொடுத்தது ஒரு பெண்ணின் உயிரோடு விளையாடிக்கொண்டிருக்கிறது என்பதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

இறங்கியதும் தன் வீட்டுக்குப் போகவில்லை. ஷாரோன் வீட்டு வாசலில் நின்று, "மாத்திரையை எடும்மே" என்றாள். கொடுத்த பொருளை அவள் திருப்பிக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அட்டையில் பாதி காலியாகியிருந்தது. பார்த்ததும் செங்கேணிக்குக் கண் கலங்கியது. டாக்டர் சொன்னதைத் தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னாள்.

"கழனியில கீற எல்லாத்துக்கும் களைன்னுதானே பேரு? ஆனா பூண்டுச் செடியை வெரலால புடிச்சி இழுத்தா வந்துடும். கோரையை இழுத்துப் பாரு, தலை மட்டும் கையில வரும், கிழங்கு உள்ளயே குந்திக்கினு கீது. எனக்கு வந்தது பூண்டு. உனக்கு வந்தது கோரை. கிழங்கோட தோண்டணும்மே. இந்த மாத்திரை உனுக்கு ஆவாது. குடுத்தது என் தப்பு."

ஜான்சன் தலையைச் சொறிந்தான். "எக்கா, நான் வேலைக்குப் போவலைன்னா வூடு நிக்காது. இவளை யாரு இட்டுக்கினு போயி, இட்டுக்கினு வர்றது?"

"நான் இன்னாத்துக்குக் கீறன்?"

சொன்னபடியே போனாள். கீமோ நாளெல்லாம் ஷாரோனுக்குப் பக்கத்தில் செங்கேணிதான். ஊசிக்கு வரும் நஜீமாவும் தன் நாளை அவர்களோடு சேர்ந்து வருகிற மாதிரி கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் நாளே செங்கேணி மூவருக்கும் பெயர் மாற்றினாள். தான் மாத்திரை, நஜீமா ஊசி, மேலே தொங்கும் மருந்துப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும் ஷாரோன் பாட்டில். "ஏ ஊசி, இன்னைக்கு நாஷ்டா இன்னா எடுத்தாந்த?" என்ற குரல் கூடத்தின் மறுகோடி வரை கேட்கும். நஜீமா டப்பாவைத் திறப்பாள். வாந்தி பயத்தில் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிப் படுத்த ஷாரோன், இவர்கள் இருவரும் கடைசி இடியாப்பத்துக்குப் போடும் சண்டையைக் கேட்டு, தானே கையை நீட்டி அதை எடுத்துத் தின்ற நாளும் உண்டு. சத்தம் போடக்கூடாது என்று சொல்ல வந்த நர்ஸ் கீதா, சொல்லாமல் நின்று சிரித்துவிட்டுப் போனாள்.

முடி கொட்டத் தொடங்கியபோது மட்டும் ஷாரோன் உடைந்தாள். இடுப்புவரை இருந்த முடி. தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்ததை அள்ளி வைத்துக்கொண்டு அழுதாள். செங்கேணி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். பிறகு முந்தானையால் இருவர் முகத்தையும் துடைத்துவிட்டு, "சரி, பேஜாரு வுட்டுது. இனிமே எண்ணெயும் வேணாம், சீப்பும் வேணாம்" என்றாள். அழுகைக்கு நடுவில் ஷாரோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எலுமிச்சை அளவு இருந்த கட்டி சுண்டைக்காயானது. கடைசியில் டாக்டரின் விரலுக்கே தட்டுப்படவில்லை. இருந்த இடத்தை அறுத்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

இப்போதும் செங்கேணியிடம் பெண்கள் வருகிறார்கள். மாகறலிலிருந்துகூட வருகிறார்கள். கட்டி என்று யாராவது வாயெடுத்தால் அடுத்த பேருந்திலேயே ஏற்றிவிடுகிறாள். "இன்னா வகைன்னு பாத்துட்டு வா. அப்பறமா கதை பேசலாம்" என்கிறாள். கொடுக்கிற கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மாத்திரைப் பைக்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டாள். சாவி வேதகிரியின் அரைஞாணில்.

ஷாரோனின் சோதனை முடிவு வந்த அந்த நாளில் மூவருமே ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ஜெயப்பிரியா ஷாரோனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். பெஞ்சில் செங்கேணியும் நஜீமாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஷாரோன் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "எடுத்த சதையில ஒண்ணுமே இல்லையாங்க்கா" என்றாள். "தேடித் தேடிப் பாத்தாங்களாம். உசுரோட ஒரு புத்து அணுகூட இல்லையாம். கரண்ட்டு வெக்கணுமாம். அப்பப்ப வந்து காட்டணுமாம். இனிமே வரவே வராதுன்னு சத்தியம் பண்ண முடியாதாம். ஆனா இதைவிட நல்ல சேதி இல்லைன்னு டாக்டரம்மாவே கையப் புடிச்சிக்கினாங்க."

"அல்லாவே!" என்று நஜீமா இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். செங்கேணி எழுந்து விறுவிறுவென்று வெளியே போனாள். வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கிக்கொண்டு வந்து, ஷாரோனைத் திருப்பி நிறுத்தி, தலைத்துணியை அவிழ்த்தாள். நாற்று முளை விட்ட மாதிரி மண்டை முழுக்கக் குட்டிக் குட்டி முடி. தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, பல்லால் கடித்து விரித்து, பூவைச் செருகிப் பார்த்தாள். நிற்கவில்லை. இன்னொரு இடத்தில் செருகினாள். அதுவும் வழுக்கிக்கொண்டு வந்தது. "எக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்று ஷாரோன் நெளிந்தாள். செங்கேணி விடுவதாக இல்லை. சரத்தை ஷாரோனின் காதில் இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைத் தோள்மேல் தொங்கவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தாள்.