ரெஜினா டீச்சரும் பதினான்கு திகில் இசைகளும்

செங்கல்பட்டில் என் எதிர் வீட்டில் இருப்பவர் ரெஜினா டீச்சர். ஒரு ஓட்டல்காரர் அவர் பெயரை அழித்துவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடு எழுதினாலும் தேதிகளில் பிழை இருக்காது.

டீச்சர் 1962 ஜனவரியில் அச்சரப்பாக்கத்தில் பிறந்தவர். அப்பா சின்னராசு அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தார். அவருக்கு மர்மப் படம் என்றால் உயிர். டென்ட் கொட்டகையில் எது வந்தாலும் மகளை மடியில் வைத்து மணலில் உட்கார்ந்து பார்ப்பார். மகளோ பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். இப்படிப் பதினோரு படங்கள் போயின. கொலைகாரனின் முகம் அவளுக்குத் தெரியாது. அவன் வரும்போது எந்த வாத்தியம் எப்படி ஒலித்தது என்பது மட்டும் தெரியும்.

ஒன்பது வயதில் செங்கல்பட்டு விடுதியில் சேர்த்தார்கள். அங்கே கன்னியாஸ்திரீகள் பியானோ கற்றுக்கொடுத்தார்கள். 1982 முதல் 2020 வரை பள்ளியில் இசை ஆசிரியை. விடுதியை இடித்தபோது அந்தப் பழைய பியானோ இவர் வீட்டுக்கு வந்தது. அதில் நடுவிலுள்ள ஒரு கறுப்புக் கட்டை, ஜி ஷார்ப், அழுத்தினால் சத்தம் வராது. சென்னையிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டு உதிரிபாகம் கிடைக்காது என்று சொல்லிப் போய்விட்டார்.

ஓய்வுக்குப் பிறகு டீச்சர் அந்தப் பழைய படங்களின் பின்னணி இசையைப் பியானோவுக்கு எழுத ஆரம்பித்தார். இருபது முப்பது பேர் வாசித்ததைப் பத்து விரலுக்கு அடக்க வேண்டும். ஒரு நிமிட இசையைப் போனில் நாற்பது தடவை போட்டுக் கேட்பார். 2020 ஜூன் முதல் 2023 நவம்பர் வரை பதினான்கு முடித்தார். ஒவ்வொன்றும் முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார்; நான் அன்றாடம் குறிப்பு எழுதும் என் பதிவேட்டில் தேதி போடுவேன்.

திருவிடந்தைப் பக்கம் கடற்கரை ஓட்டல் ஒன்றின் மேலாளர் பார்த்தசாரதி. ஒரு கல்யாண வரவேற்பில் டீச்சர் வாசித்ததைக் கேட்டுவிட்டுத் தன் ஓட்டலுக்கு அழைத்தார். 2024 ஜனவரி 6, 13 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளில் டீச்சர் அங்கே வாசித்தார். மூன்றாவது வாரம், விருந்தாளிகள் இளமையான ஆளை எதிர்பார்க்கிறார்கள், இசை எழுதிய நோட்டை மட்டும் கொடுங்கள், நிகழ்ச்சி அட்டையில் உங்கள் பெயரை மேலே போடுகிறோம் என்றார் பார்த்தசாரதி. பெயருக்காகத்தான் டீச்சர் கொடுத்தார்.

மார்ச் 14, வியாழக்கிழமை. அந்த ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் ஹெலன் ஒரு அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். ‘திகில் மாலை. பியானோ வடிவம், வாசிப்பு: ரோஹித்.’ வேறு பெயர் இல்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு நாங்கள் இருவரும் அங்கே இருந்தோம். ரோஹித் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

“பழைய படத்து மியூசிக் மேடம் அது. யார் வேணா எழுதலாம். நீங்கதான் எழுதினீங்கன்னு இன்னா ப்ரூஃப்?” என்றார் பார்த்தசாரதி.

நான் பதிவேட்டை நீட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டுச் சிரித்தார். “சார், இது உங்க கையெழுத்து. நீங்களே எழுதிக்கினு நீங்களே சாட்சியா?”

டீச்சர் என்னை விலக்கிக்கொண்டு பியானோவுக்குப் போனார்.

“தம்பி, மூணாவது பீஸு. கொலைகாரன் மாடிப்படி ஏர்ற இடம். வாசி.”

வாசித்தான். சுரங்கள் ஒவ்வொரு படியாக ஏறின. ஓரிடத்தில் சட்டென்று நின்று, ஒரு விநாடி கழித்து மேலே தொடர்ந்தன.

“அங்க ஏன் நின்ன?”

“அதான் மேடம் சஸ்பென்ஸே. கெஸ்ட்டுங்களுக்கு மூச்சே நின்னுடும். நானா யோசிச்சு வெச்ச கேப்.”

“நீயா யோசிச்சே? நின்ன எடத்துல கீற கட்டை எது?”

“ஜி ஷார்ப்.”

“பதினாலு பீஸ்லயும் அந்தக் கட்டைய எங்கனா ஒரு வாட்டி தொட்டுகீறியா, தேடிச் சொல்லு. நாங்க குந்திகினு கீறோம்.”

இருபது நிமிடம் தேடினான். ஓரிடத்திலும் இல்லை.

“என் வூட்டு பியானோல அது அடிச்சா சத்தம் வராது. அதான் தாண்டிப் போனேன். உன் பியானோல நல்லாத்தானே கீது? நீ ஏன்டா தாண்டுன?”

ரோஹித் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டான். பார்த்தசாரதி குரலைத் தணித்தார். “சரி மேடம், அடுத்த வாரம் மாத்திடலாம். இன்னிக்கு அறுபது கார்டு அடிச்சாச்சு.”

“பேனா கீதா?”

“இன்னாது?”

“பேனா. அறுபதுலயும் என் பேர அவனே எழுதட்டும்.”

“ஓட்டலா மேடம் இது, இம்போசிஷன் எழுதற ஸ்கூலா?”

“ஸ்கூலுதான். முப்பத்தெட்டு வருசம் என் வேலையே அதானே.”

ரோஹித் எழுதினான், நான் எண்ணினேன். ஐம்பத்தொன்பதுதான் இருந்தது. அறுபதாவதைப் பார்த்தசாரதி சட்டைப்பையில் வைத்திருந்தார். டீச்சர் கையை நீட்டி அதையும் வாங்கினார். அன்று நிகழ்ச்சி முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டார். அச்சில் பெயர் வந்தால் திரும்ப வரும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

மார்ச் 23 அட்டையில் திகில் மாலையே இல்லை. ‘பழைய காதல் பாடல்கள்’ என்று போட்டிருந்தார்கள். டீச்சர் பெயரை ஒரு வரி அச்சடிப்பதைவிட அந்த இசையையே விட்டுவிடுவது மேல் என்று பார்த்தசாரதிக்குப் பட்டிருக்கிறது. டீச்சர் அட்டையை நாலாகக் கிழித்தார்.

“நோட்ட அவன் போன்ல போட்டோ புடிச்சி வெச்சிருப்பான் சார். நாலு வாரம் சும்மா இருந்துட்டு மறுபடி ஆரம்பிப்பானுங்க. எழுதுங்க லெட்டரு.”

நான் மரியாதையாக ஒன்று எழுதினேன். அதையும் கிழித்துவிட்டு அவரே சொல்லச் சொல்ல எழுதவைத்தார். ‘என் பெயர் இல்லாமல் என் இசை அங்கே ஒலிக்கக் கூடாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து கேட்பேன்.’ பதிவுத் தபாலில் போனது. ஒப்புகை அட்டை ஏப்ரல் 2 அன்று வந்தது. பதில் வரவில்லை.

இதுவரை ஏழு சனிக்கிழமைகள் போய் வந்துவிட்டோம். இன்று எட்டாவது. இரண்டரை மணி மாமல்லபுரம் பஸ்ஸுக்கு டீச்சர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, “சார், எழுதனது போதும், வாங்க” என்று கத்துகிறார்.