நீட்டிய அரிவாள்

நான் கம்பத்தில் கான்ஸ்டபிளாக இருந்தபோது நடந்தது இது. வாழைத்தோப்பில் பைத்தியக்காரன் ஒருவன் அரிவாளோடு நிற்கிறான், யாரையாவது வெட்டிவிடுவான் என்று ஊரார் ஓடி வந்தார்கள். தடியை எடுத்துக்கொண்டு போனேன்.

அவன் பெயர் குருசாமி. காதில் யாரோ பேசுவதாகச் சொல்லி, அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே திரிவான். அதுவரை ஒருவரையும் அவன் தொட்டதில்லை. அவனுடைய அக்கா பேச்சி என்னை வழிமறித்தாள்.

“ஆரையும் ஒண்ணும் செய்ய மாட்டான்யா. கூட்டத்தப் பாத்துப் பயந்து நிக்கிறான். கொஞ்சம் பொறுங்க, நான் பேசி வாங்கித் தாரேன்.”

அவள் கிட்டே போய், “ஏலே குருசாமி, அக்காட்ட குடுப்பா” என்றாள். அவன் அரிவாளைத் திருப்பி, கைப்பிடியை அவள் பக்கமாக நீட்டினான். அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஓங்கிய தடியை நிறுத்தவில்லை.

வாய்க்கால் கரையில் விழுந்தவன் எழவே இல்லை.

“குடுக்கத்தானய்யா நீட்டுனான்” என்றாள் பேச்சி.

போலீசை வெட்ட வந்தான் என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். ஊரார் எனக்கு நன்றி சொன்னார்கள்.

இன்றும் சந்தையில் என்னைக் கண்டால் பேச்சி ஒதுங்கி நிற்கிறாள். அவள் தம்பியைக் கண்டு ஊர் பயந்ததற்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. என்னைக் கண்டு அவள் பயப்படுவதற்கு இருக்கிறது.