ட்ரோம்ஸோவிலிருந்து கிட்டத்தான்

கிறிஸ்துநாயகத்தாருக்கு உலகத்தில் எல்லாமே கிட்டத்தான். லண்டன் எட்மண்டனில் வீடு வாங்கியபோது, "ஸ்டேஷன் கிட்டத்தான்" என்றார். அவர் மனைவி மெற்றில்டா அந்தக் கிட்டத்தை மழையிலும் குளிரிலும் இன்றுவரை நடந்து தொலைக்கிறாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்குக் காலை ஷிப்ட். மனிசன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தூரத்தைப் பற்றி அவருக்கு முன்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது.

இந்த முறை வந்த வினை நோர்வேயில். மெற்றில்டாவின் தம்பி நிர்மலன் அந்த நாட்டின் வடக்கு முனையில், ஹம்மர்ஃபெஸ்டில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். சனிக்கிழமை காலை அவனுடைய பேத்திக்கு ஞானஸ்நானம். மெற்றில்டாதான் ஞானத்தாய். முன்பு அவன் மகளுக்கும் அவளைத்தான் கேட்டார்கள். விசா கிடைக்காமல் போக, வேறொருத்தி பிள்ளையை ஏந்தினாள். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இந்தப் பிள்ளையையாவது தன் கையால் ஏந்த வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு.

லண்டனிலிருந்து வடநோர்வேயின் ட்ரோம்ஸோவுக்கு வெள்ளிக்கிழமை நேரே விமானம் இருந்தது. அங்கிருந்து ஹம்மர்ஃபெஸ்டுக்குச் சின்ன விமானத்தில் முக்கால் மணி நேரம். கிறிஸ்துநாயகத்தார் போனைப் பார்த்துச் சிரித்தார்.

"முக்கால் மணித்தியாலம்! இஞ்சயிருந்து ஈஸ்ட் ஹாமுக்குப் போகவே அதைவிடக் கூட எடுக்கும். அதுக்கொரு பிளேனோ? கார் எடுத்து ஓடுவம், கிட்டத்தான்."

"இஞ்சேருங்கோ, தம்பியிட்ட ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டு..."

"நீர் சும்மா இரும். இவ்வளவு காலமும் பஸ் ஓடினது நானோ, உம்மட தம்பியோ?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த மூடின வாயை நினைத்துத்தான் பிறகு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போது நிர்மலன் போனில் கூப்பிட்டான். மெற்றில்டா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நாளைக்கு எந்தப் பிளேனில இஞ்சால வாறியள்?"

"பிளேன் இல்லையடா. அத்தான் கார் ஓடுறாராம்."

நிர்மலன் கத்தினான். "ஐயோ அக்கா! பிளேன் நேர வந்தால் இருநூறு கிலோமீற்றர்தான். றோட்டு ஒவ்வொரு கடல்வாயையும் சுத்திச் சுத்தி வருது. ஐநூறுக்கு மேல! இது ஜனவரி. மலைப்பாதையைப் பனிக்குப் பூட்டிப்போட்டாங்கள் எண்டால் ஒருத்தரும் அசைய ஏலாது. பூசைக்கு வந்து சேரமாட்டியள்."

மெற்றில்டா கட்டிலில் பொத்தென்று இருந்தாள். பெட்டிக்குள் பிள்ளைக்கு எடுத்த வெள்ளைச் சட்டை மேலாகக் கிடந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முப்பது வருடத்து ஆத்திரம்.

"தம்பி, நாளைக்குச் சின்னப் பிளேனில இடம் கிடக்கோ பார்."

அவன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான். "ஒரு சீற்றுத்தான் கிடக்கு அக்கா."

"அதை என்ர பேரில போடு."

கிறிஸ்துநாயகத்தார் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"அப்ப மெற்றில்டா, ட்ரோம்ஸோவில இறங்கி நான் என்ன செய்யிறது?"

அவள் வெள்ளைச் சட்டையை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"நீங்கள் கார் எடுத்து ஓடி வாங்கோ. கிட்டத்தானே."