லெந்து காலத்து வெங்காயம்

புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களின் கைகளில் அந்த வருடம் சின்ன வெங்காயத் தாளின் பச்சை வாசனை இருந்தது; சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது, பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும்போது பக்கத்தில் இருப்பவருக்கு எட்டும். தொண்ணூறுகளின் நடுவில், கல்கத்தாவின் கார்டன் ரீச்சில் துறைமுக வேலைக்கு வந்திருந்த திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சும்மா கிடந்த தாழ்வான நிலத்தில் வெங்காயம் போட்டிருந்தார்கள்.

காரணம், உபதேசியார். வங்காளிச் சபையின் கோயிலை ஞாயிறு மாலையில் இரவல் வாங்கி எங்களுக்குத் தமிழில் ஆராதனை நடத்தியவர். அவருடைய சம்பளத்துக்காக ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த உதவி நின்றுபோனது. "அடுத்தவன் கையை எதுக்குப் பாக்கணும், நமக்குக் கை இல்லையா?" என்றார்கள் சபையார். லேக் மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த ஊர்க்காரர் ஒருவர், நல்ல சின்ன வெங்காயம் கல்கத்தாவில் கிடைப்பதே பாடாக இருப்பதால், விளைந்ததை எல்லாம் தானே எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். விற்றால் உபதேசியார் இருப்பார். இல்லையென்றால் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்புவார்.

மார்ச்சில் தாள் பழுத்துச் சாய்ந்தது, பிடுங்கும் பதம். ஆனால் லெந்து, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு, தொடங்கியிருந்தது. முதற்பலனைப் பீடத்தில் படைக்காமல் வெள்ளாமையில் யாரும் கைவைப்பதில்லை; படைப்பது அறுப்புக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகையில்; துக்க நாட்களான லெந்தில் அந்தப் பண்டிகையை வைப்பதில்லை. ஊரில் அறுப்புக் காலம் வேறு என்பதால் இந்த வழக்கங்கள் ஒன்றோடொன்று மோதியதே இல்லை. இங்கே மோதும் என்று விதைக்கும்போது யாருக்கும் தோன்றவில்லை.

மாலை நேரங்களில் மேகம் கறுக்கத் தொடங்கியது. நாங்கள் "மாசிமா" என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் வானத்தைக் காட்டி, "காலபைசாகி", கோடைப் புயல்மழை, வரப்போகிறது, எடுத்துவிடுங்கள் என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னாள். அம்மா உபதேசியாரிடம் போனாள்.

"ஐயா, விக்க வேண்டாம். பிடுங்கிக் காயப்போட்டு மட்டும் வச்சுக்கிடலாமே?"

"கை வச்சா வச்சதுதாம்மா. ஈஸ்டருக்கு மறு ஞாயிறு படைச்சிருவோம்."

நஷ்டப்படப் போகிறவரே இப்படிச் சொல்லும்போது, அவருக்காகப் பயிரிட்டவர்கள் என்ன சொல்ல முடியும்? விசாரிக்க வந்த கடைக்காரர்தான் அப்பாவைச் சீண்டினார்: "என்ன அண்ணாச்சி, லெந்து கறிமீனுக்குத்தான்னு நினைச்சேன், வெங்காயத்துக்குமா?" அப்பா சிரித்தார். உபதேசியாரும் சிரித்தார்.

குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் மாலை காற்றும் ஆலங்கட்டியுமாக அடித்தது. மழை விட்டும் தண்ணீர் வடியவில்லை. சாக்கடை பொங்கி நிலத்துக்கே வந்தது. பரிசுத்த வாரம் முழுவதும் ஆண்கள் வேலை விட்டு வந்து வாளியால் இறைத்தார்கள், உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நின்றார், இறைத்த பள்ளத்தில் கொஞ்ச நேரத்தில் மறுபடி தண்ணீர் ஊறி நின்றது. பெரிய வெள்ளியன்று அம்மா ஒரு வெங்காயத்தை இழுத்தாள். தாள் கையோடு வந்தது, கிழங்கு கொழகொழவென்று மண்ணிலேயே தங்கிவிட்டது. அன்று அவள் அதைத் தொட்டதை யாரும் தடுக்கவில்லை.

ஸ்தோத்திரப் பண்டிகை சொன்ன ஞாயிறிலேயே நடந்தது. கடைக்காரர் தன் கடையிலிருந்து அனுப்பிய வெங்காயத்தைப் பீடத்தில் வைத்து உபதேசியார் நன்றி சொன்னார். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் உபதேசியார் குடும்பத்தோடு ஹௌராவில் ஊருக்கு ரயில் ஏறினார். பெரியவர்கள் யாரும் அவரைக் குறை சொல்லிக் கேட்டதில்லை. அதை ஒரு தவறு என்றுகூட யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அந்த நிலத்துக்குச் சுற்றுச்சுவர் வந்தது, இப்போது அடுக்குமாடி நிற்கிறது. ஞாயிறு மாலை ஆராதனை, யார் வீட்டிலாவது கூடும் ஜெபமாகிச் சில வருடங்களில் அதுவும் நின்றது. நாங்கள் காலையில் வங்காளிச் சபைக்குப் போகத் தொடங்கினோம். பிள்ளைகளுக்கு அது சிரமமாக இல்லை. அம்மாவுக்குக் கடைசிவரை கைவந்த வங்காளம் காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான். போன வருடம் அவளுடைய அடக்க ஆராதனை முழுவதும் வங்காளத்தில் நடந்தது.