துணி போர்த்திய ஞாயிறுகள்

சனிக்கிழமை கடை சாத்தும் நேரம் வந்தால் ஒனீட்டா ஹாஸ்கல் பழைய படுக்கைவிரிப்புகளை அள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவாள். சட்டை, பாத்திரம், கத்தி, திரைச்சீலை என்று எதையெல்லாம் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலச் சட்டம், ஞாயிறு ஓய்வுநாள் என்று சொல்லி, அன்று விற்கவிடவில்லையோ, அந்த அலமாரிகளை எல்லாம் போர்த்தி ஊக்கு குத்துவாள். மறுநாள் தேவாலயம் முடிந்து நேரே வந்து கல்லாவில் நிற்பாள். ரொட்டி விற்கலாம், மருந்து விற்கலாம், மதியத்துக்கு மேல் பீர்கூட விற்கலாம். சட்டி விற்றால் அபராதம்.

கணவன் எண்ணெய்க் கிணற்று விபத்தில் போய் இரண்டு வருடமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டின் அமைதி தாங்காமல்தான் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

1971 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. காற்றாலை பழுதுபார்க்கும் டாயல் பிரிட்செட் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"அம்மணி, ஒரு சட்டி வேணும்."

"நாளைக்கு வாங்க."

"இன்னைக்குல்ல பசிக்குது! பீன்ஸை அடுப்புல வச்சிட்டு வேலி கட்டப் போனேன். வந்து பாத்தா பீன்ஸும் கரி, சட்டியும் கரி."

அவசரத் தேவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விற்கலாம் என்று சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. ஒனீட்டா படிவத்தை நீட்டினாள். காரணம் என்ற இடத்தில் அவர் 'பசி' என்று எழுதினார்.

"பசியெல்லாம் ஒரு அவசரமா?"

"நீங்க சாப்ட்டாச்சு போல."

ஒனீட்டா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. முதலாளி ஸ்வெய்ன் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தப் படிவத்தைக் காட்டினா ஷெரிஃப் சிரிக்க மாட்டாரும்மா, அபராதம்தான் போடுவாரு!" என்று கத்தினார்.

ஒனீட்டா படிவத்தைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டாள். வேலை முடிந்ததும் தன் வீட்டுச் சட்டியையே எடுத்துக் கொடுத்தாள். "இரவல் குடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல இல்ல."

அடுத்த ஞாயிறு அது மான்கறியோடு திரும்பி வந்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தருவது முறையில்லையாம். அவள் பீச் பழப் பணியாரம் வைத்துக் கொடுத்தனுப்பினாள். ஏப்ரல் வரை இப்படியே போனது.

"உங்க ஊர்ல திங்கக்கிழமையே வராதா? ஒரு சட்டி வாங்க இத்தனை நாளா?" என்று ஒரு நாள் ஒனீட்டா கேட்டாள்.

"வருது. ஆனா திங்கக்கிழமை நீங்க லீவுல்ல."

ஆகஸ்டில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. அதன்பிறகும் ஞாயிறு வேலையை அவள் விடவில்லை. மதியம் டாயல் வந்து கல்லாப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவார். மூன்று மணி நேரத்தில் நாலு பேர் வந்தால் அதிகம். வந்தவர்களும் மழையைப் பற்றி, பருத்தியைப் பற்றி, யார் வீட்டுப் பசு கன்று போட்டது என்பதைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் போவார்கள்.

எண்பத்தைந்தில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அந்த முதல் ஞாயிறு கடையில் கால் வைக்க இடமில்லை. ஒனீட்டா தலை நிமிரவில்லை. முக்காலி போட்ட இடத்தில் விளக்குகளை அடுக்கியிருந்தார்கள். டாயல் வந்து வாசலில் சற்று நின்றுவிட்டுத் திரும்பிப் போனதை அவள் கூட்டத்துக்கு நடுவில் பார்த்தாள்.

அன்று கடை சாத்தும்போதே ஸ்வெய்னிடம் சொல்லிவிட்டாள்: "இனி ஞாயிறு நான் வரமாட்டேன்."

"ஏம்மா, இப்பதான வியாபாரமே சூடு பிடிக்குது!"

"அதனாலதான்."

டாயல் இறந்து ஒன்பது வருடமாகிறது. அது பைத்தியக்காரச் சட்டம் என்று பேரப்பிள்ளைகள் சிரித்தால் ஒனீட்டாவும் ஆமாம் என்பாள். சொல்லிவிட்டு, அந்தப் பழைய இரவல் சட்டியை எடுத்து அடுப்பில் வைப்பாள்.