வெள்ளிக்கிழமைகளில் காணாமல் போன கிரீஸ்

தனபாலன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகிறது. அவர் கண்களுக்கு மட்டும் யாரும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. மாநகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வண்டியில் ஏறியதும் யார் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்புகிறார்கள், யாருக்குத் திடீரென்று தூக்கம் வருகிறது என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண். அதை டிப்போவில் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கலாம். மனுஷன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

திருவான்மியூரில் அவர் தெருவில் பால் பாக்கெட் போடுகிறவர் முதல் இஸ்திரி வண்டிக்காரர் வரை எல்லோருமே அவருக்கு டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள்தான். கேஸ் சிலிண்டர் வந்தால் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். மனைவி சுப்புலக்ஷ்மி மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போய்க் கொஞ்சம் தாமதமாக வந்தால், "இன்னா, கூட்டமா?" என்பார். ஆமாம் என்றால், "இன்னிக்கு இன்னா விசேஷம்?" என்பார். விசேஷம் ஒன்றுமில்லை என்றால், அப்புறம் ஏன் கூட்டம்? அவள் பாவம், பதிலை யோசித்துக்கொண்டேதான் வாசலில் செருப்பைக் கழற்றுவாள். நாளாக நாளாக அவள் பேச்சே குறைந்துபோனது. பேசினால்தானே கேள்வி வரும்!

கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. கை சுத்தம். தெருவில் யாருக்காவது முடியவில்லை என்றால் முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். ஆஸ்பத்திரியில் டாக்டரைச் சந்தேகப்படுவார் என்பது வேறு விஷயம்.

ஓய்வு பெற்றதும் மாடியில் ஒரு வீடு எடுத்துக் கட்டச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். குடி வருகிறவன் எப்படிப்பட்டவனோ என்று பயந்து, தனபாலன் ஒரு கேரவன் வாங்கினார். சொந்தமாக இன்ஜின் இல்லாத, ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் ரகம். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. சனி, ஞாயிறுகளில் தி.நகர் ஜவுளிக்கடைக் குடும்பங்கள் அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மகாபலிபுரம், புதுச்சேரி என்று போவார்கள். முகூர்த்த நாளில் கல்யாண மண்டப வாசலில் மணப்பெண்ணுக்கு அலங்கார அறையாக நிற்கும். ஜீப்பை ஓட்டுவது வாஜித். மயிலாப்பூரில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவனுடையது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சந்தேகப்படுவது தனபாலன்.

இந்த ஜீப்புக்கும் கேரவனுக்கும் உள்ள உறவு ஒரு இரும்புக் குண்டில்தான் இருக்கிறது. ஜீப்பின் பின்புறம் ஒரு கட்டை நீண்டு, அதன் நுனியில் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு குண்டு நட்டுக்கொண்டு நிற்கும். கேரவனின் மூக்கில் ஒரு கிண்ணம். கிண்ணம் குண்டின் மேல் கவிழ்ந்து, லாக் விழுந்துவிட்டால் இரண்டும் ஒரே வண்டி. வளைவில் திரும்பும்போது கிண்ணம் குண்டைச் சுற்றி வழுக்க வேண்டும். அதற்குத்தான் கிரீஸ். பழைய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தெடுத்து, புதிதாக மெல்லிசாகத் தடவ வேண்டும். அப்பிவிட்டால் கடற்கரை மணல் வந்து ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். தடவாமல் விட்டால் உப்புக் காற்றில் துருப் பிடிக்கும். லாக்கில் இரண்டு சொட்டு ஆயில் விட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

போன வருஷம் அந்த இரண்டு சொட்டு ஆயிலை விட்டார்களோ, மறந்தார்களோ தெரியாது. மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், முட்டுக்காடு தாண்டி ஒரு வேகத்தடையில் ஜீப் ஏறி இறங்கியபோது, சரியாக விழாத லாக் தெறித்து, கிண்ணம் குண்டைவிட்டுக் கழன்றது. பாதுகாப்புச் சங்கிலி பிடித்துக்கொண்டதால் கேரவன் சாலையோரம் சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

தனபாலன் அன்றைக்கே ஒரு முடிவெடுத்தார். இனிமேல் குண்டும் கிண்ணமுமான அந்தக் கொக்கியை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. மஞ்சள் கிரீஸ் டப்பாவை இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்பின் பின்னால் உட்கார்ந்துவிடுவார். துடைப்பார், தடவுவார், விரலால் வழித்துப் பார்ப்பார். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற தாய்கூட அவ்வளவு பொறுமையாகத் தேய்க்க மாட்டாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, கடற்கரை நடையை முடித்துக்கொண்டு வந்தவர் ஜீப்பின் பின்னால் பார்த்தார். குண்டில் கிரீஸைக் காணோம். துடைத்து வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. தொட்டுப் பார்த்தால் ஏதோ எண்ணெய்ப் பிசுக்கு, அதில் நறநறவென்று மணல். முகர்ந்து பார்த்தார். நல்லெண்ணெய் வாசம் மாதிரி இருந்தது. நல்லெண்ணெயை யார் கொக்கியில் தடவுவார்கள்? வேண்டுமென்றே குண்டைத் தேய வைக்கிற வேலை இது என்று அவர் மனசு உடனே தீர்ப்பெழுதிவிட்டது.

தீர்ப்பு கிடைத்தபின் குற்றவாளியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? விடியற்காலையில் தொழுகை முடித்துவிட்டு நேராக வண்டி கழுவ வருகிறவன் வாஜித் ஒருவன்தான். அதோடு பாலவாக்கத்தில் ஆனந்தகுமார் என்பவர் புதிதாக ஒரு கேரவன் இறக்கியிருந்தார். வாஜித் அவரோடு டீக்கடையில் நின்று சிரித்துப் பேசியதைத் தனபாலன் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். "நம்ம கேரவன் கழண்டு விழுந்துச்சுன்னு பேராயிட்டா, பார்ட்டியெல்லாம் அவன்கிட்ட பூடும். இவன் அங்க போய் ஓட்டுவான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. சந்தேகத்தை வெளியே சொன்னால் ஆள் உஷாராகிவிடுவான் என்பது பரிசோதகரின் பாலபாடம்.

அதற்கடுத்த வாரங்களில் இன்னொரு விசித்திரம். குண்டில் கிரீஸ் இருந்தது. ஆனால் அவர் தடவிய மஞ்சள் கிரீஸ் இல்லை, கருப்பு கிரீஸ்!

ஒரு வெள்ளிக்கிழமை கடற்கரைக்குப் போகிற மாதிரி போய், பாதியிலேயே திரும்பினார். ஜீப்பின் பின்னால் வாஜித் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். விரலெல்லாம் கருப்பு.

"கையக் காட்டு" என்றார். பஸ்ஸில் கேட்கிற அதே குரல்.

வாஜித் எழுந்து கையைக் காட்டினான்.

"இது இன்னாது?"

"கிரீஸு சார்."

"என் கிரீஸு பெட்டில பூட்டி கீது. இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"நான் வாங்கினேன் சார்."

"ஏன் வாங்கின? நான் தடவினது எங்க?"

வாஜித் வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். டிக்கெட் இல்லாதவன் பார்க்கிற பார்வை என்று தனபாலனுக்குத் தோன்றியது.

"பாலவாக்கத்துக்காரன் எவ்ளோ நாளா உன்கிட்ட பேசிக்கினு கீறான்?"

"அவர் புது ஆளு சார். லாக்குக்கு இன்னா ஆயில் போடறதுன்னு கேட்டாரு, சொன்னேன். வேற ஒண்ணுமில்ல."

"சாவியக் குடு."

வாஜித் கையைத் துடைத்துக்கொண்டு ஜீப் சாவியைக் கொடுத்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான் என்று தனபாலன் நினைத்தார். சுப்புலக்ஷ்மியிடம், "வாஜித்துக்கு வேற எடத்துல வேலை கெடச்சிடுச்சாம், பூட்டான்" என்று மட்டும் சொன்னார். அவள் ஏதோ கேட்க வாயெடுத்து, வழக்கம்போல மூடிக்கொண்டாள்.

அந்த வாரச் சவாரியை ரத்து செய்தார். புது டிரைவர் வைக்க மனசு வரவில்லை. வருகிறவன் எவனோ! அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, பழையதையெல்லாம் வழித்தெடுத்து, மஞ்சள் கிரீஸை நிம்மதியாகத் தடவினார்.

வெள்ளிக்கிழமை காலையில் குண்டு பளபளவென்று இருந்தது. அதே நல்லெண்ணெய்ப் பிசுக்கு.

தனபாலன் கிரீஸ் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். வாஜித்துதான் யாருக்கும் தெரியாமல் வந்து போகிறான் என்று ஒரு வாரம் முழுக்கத் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை, இருட்டுப் பிரிகிற நேரத்தில் வாசல் கேட்டைச் சத்தமாகச் சாத்திவிட்டு, எதிர்ப்பக்கம் நின்ற குப்பைத்தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். துர்நாற்றம் குடலைப் பிடுங்கியது. பொறுத்துக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு சுப்புலக்ஷ்மி வந்தாள். குளித்து, ஈரத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். கையில் சொம்புத் தண்ணீர், ஒரு தட்டு. ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து, குண்டின் மேலிருந்த கிரீஸைப் பழந்துணியால் துடைத்து, சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

இவளுமா? வாஜித்தோடு சேர்ந்துகொண்டு, கட்டின புருஷனுக்கு எதிராக இவளுமா? தனபாலனின் மனசு முதலில் ஓடியது அங்கேதான்.

அவள் குண்டில் சந்தனம் வைத்தாள். அதன் மேல் குங்குமம் வைத்தாள். ஒரு துண்டு கற்பூரத்தைக் கொளுத்திச் சுற்றிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டாள். தெரு அமைதியாக இருந்ததால் அவள் முணுமுணுப்பு கேட்டது.

"மருந்தீசா, அன்னிக்கு நீதான் புடிச்சி நிறுத்தின. இவர கைவுட்றாதப்பா. ஒண்டியா கீறாரு. யாரையும் நம்ப மாட்டாரு. நீதான் கூடவே போவணும்."

பிறகு சந்தனத்தையும் குங்குமத்தையும் சுவடு தெரியாமல் துடைத்தாள். இரும்பு காய்ந்துவிடக் கூடாதே என்று, விளக்குக்கு ஊற்றும் நல்லெண்ணெயை விரலில் தொட்டுத் தடவினாள். கிரீஸ்தான் பூட்டிக் கிடக்கிறதே, அவள் என்ன செய்வாள்!

தனபாலன் எழுந்து வந்தார். அவரைக் கண்டதும் அவள் தட்டை முந்தானையால் மூடினாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொன்னா, யார் சொல்லிக் குடுத்தான்னு கேப்பீங்க. எந்த ஜோசியர்கிட்ட போனே, எப்பப் போனே, கூட யாரு வந்தான்னு கேப்பீங்க." அவள் பழந்துணியைச் சுருட்டித் தட்டில் வைத்தாள். "யாரும் சொல்லலீங்க. எனக்கே பயமா இருந்துச்சு. சாமி வச்சிட்டு வண்டி எடுத்தா ஒண்ணும் ஆவாதுன்னு தோணுச்சு. எண்ணெய் தடவினா மணல் ஒட்டும்னு வாஜித்துதான் சொன்னான். நானே கிரீஸு போட்டு வச்சிடறேன், சாருக்குத் தெரியாதுன்னான். நல்ல வேலையா கெடச்சிருக்கா அவனுக்கு?"

அவமானம் என்றால் இதுதான் என்று தனபாலன் அந்த வயதில் தெரிந்துகொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட பாதையைச் சுற்றிக்கொண்டு பஸ் மயிலாப்பூர் போய்ச் சேர்வதற்குள், வாஜித்தைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எதுவும் சரியாக வரவில்லை.

வாஜித் வீடு ஒரு குறுகலான மாடிப்படிக்கு மேலே இருந்தது. அவன் மனைவி ரூபீனா கதவைத் திறந்தாள். அவரை அடையாளம் தெரிந்ததும் முகம் மாறினாலும், "உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வைக்க உள்ளே போனாள். வாஜித் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி வந்தான். மேற்கு மாம்பலத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறானாம்.

"பார்த்துட்டேன் வாஜித்து" என்றார் தனபாலன். "அவதான்னு பார்த்துட்டேன். தப்பு என்மேல. நீ திரும்பி வந்துரு."

"வேணாம் சார். இங்க சேர்ந்துட்டேன். புள்ளைங்க பழகிடுச்சிங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் கூடத் தாங்கியிருப்பார். அவன் வேலை நேரத்தைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா? அக்காதான் தொடைக்குதுன்னு சொல்றதுக்கு இன்னா? கையும் களவுமா நின்னுக்கினு, பேசாம சாவியக் குடுத்துட்டுப் போறியே!"

வாஜித் கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தான்.

"சொன்னா நீங்க அக்காவ சந்தேகப்படுவீங்க சார்" என்றான். "என்னை சந்தேகப்பட்டீங்க, நான் வேற வண்டி ஓட்டிக்கினு கீறேன். அக்கா எங்க சார் போவும்?"

நான் ஏன் அவளைச் சந்தேகப்படப் போகிறேன் என்று சொல்லத்தான் தனபாலன் வாயைத் திறந்தார். குப்பைத்தொட்டிக்குப் பின்னால் குனிந்து நின்றபோது தன் மனசு முதலில் ஓடிய இடம் ஞாபகத்துக்கு வந்தது. ரூபீனா கொண்டுவந்து வைத்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.