கழற்ற எவ்வளவு நேரம் எடுக்கும்?

"இதைக் கழற்ற எவ்வளவு நேரம் எடுக்கும்?"

கேட்டது நான்தான். போன மாதம் ஒரு சனிக்கிழமை, கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்பீக்கர் கடை. கடைக்காரரை எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்பார்கள். அவர் கையில் இருந்த ஸ்பீக்கரை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லாரும் பூட்ட எவ்வளவு நேரம் போகும்னுதான் கேப்பாங்க. நீங்க வாங்க முந்தியே கழட்டுறதப் பத்திக் கேக்குறீங்களே, தம்பி!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவி சுகந்தி சிரிக்கவில்லை. அங்கேதான் பிரச்சினை.

விஷயம் இதுதான். இந்த வருடம்தான் வெள்ளவத்தையில் எங்களுக்கென்று ஒரு பிளாட் அமைந்தது. சுகந்தியின் அலுவலகக் கடன், சுகந்தியின் அலைச்சல். என் பங்கு, சாமான் தூக்கியது. அதில் ஒரு சின்ன அறையை ஹோம் தியேட்டர் ஆக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஸ்பீக்கர் தரையில் நின்றால் நடக்க இடமில்லை. ஆகவே சுவருக்குள்ளேயே புதைக்கிற ஸ்பீக்கர். வெளியே வலை மட்டும்தான் தெரியும். அதற்கும் சுவரின் நிறத்தையே அடித்துவிடலாம்.

சுவருக்குள் புதைப்பதா? பிறகு எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

என்னைத் தெரிந்த வாசகர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. எட்டாம் வகுப்பில் போர், ஷெல் வந்து விழுந்தது, பள்ளிக்கூடம் போனது. பிறகு வவுனியா, கொட்டாஞ்சேனை லொட்ஜ், கட்டார், வத்தளை, கிருலப்பனை... எந்த இடத்திலும் கால் தங்கவில்லை. சில இடங்களில் இருந்து போகச் சொன்னார்கள். சில இடங்களில் சொல்லுமுன்பே போய்விட்டேன். எந்தச் சாமான் வாங்கினாலும் அதன் மட்டைப்பெட்டியை எறிய மாட்டேன். மடித்து அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவேன். அடுத்த முறை மாறும்போது வேண்டும் அல்லவா?

கலியாணத்துக்குப் பிறகும் இதே கதைதான். வாடகை வீடுகளின் முதல் சட்டம் உங்களுக்கே தெரியும். ஆணி அடிக்கக் கூடாது! எங்கள் கலண்டர் எப்போதும் ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது. இரண்டாவது சட்டம், சத்தம் வைக்கக் கூடாது. ஒரு வீட்டில் டிவி சத்தம் கொஞ்சம் கூடினால் கீழ்வீட்டுக்காரர் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் கூரையில் தட்டுவார். அவருக்கு அது கூரை. எங்களுக்குத் தரை.

இப்படிப்பட்ட எனக்கு, போன மாதம் மாலைதீவிலிருந்து ஒரு நண்பனின் அழைப்பு வேறு. ஒரு ஹோட்டல் ஸ்டோர்ஸில் வேலை இருக்கிறதாம். "உடனே வா மச்சான்" என்றான். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் கால் மட்டும் அரிக்கத் தொடங்கிவிட்டது.

கடைக்கு வருவோம். நான் என் பக்க வாதங்களை எடுத்து வைத்தேன். "சுகந்தி, நீளமா ஒண்டு இருக்கு, சவுண்ட்பார். டிவிக்குக் கீழ வைச்சாப் போதும். நீர் யோசிச்சுப் பாரும்."

"ஓம், கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டும் ஓடலாம்."

நானா மெல்ல உள்ளே புகுந்தார். "ஒங்கட சுவர் என்ன சுவர், தங்கச்சி?"

"செங்கல். அடுத்த பக்கம் வேற ஆக்கள்."

"அப்ப அதைக் குடைய வேணாம். முன்னால ஜிப்சம் போர்ட்ல இன்னொரு சுவர் அடிங்க. உள்ளுக்குப் பஞ்சு வைங்க. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் குறையும். சின்ன ரூமுக்குப் பெரிய ஸ்பீக்கரும் தேவயில்ல."

சொல்லிவிட்டு ஒரு படத்தைப் போட்டார். கார்கள் வெடித்தன, அலுமாரிக் கண்ணாடி நடுங்கியது. நானாவின் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. எனக்கும் பிடித்திருந்தது.

"நானா, உது வேண்டாம்" என்றாள் சுகந்தி. "ஆரும் ரகசியம் கதைக்கிற இடம் ஒண்டு போடுங்கோ."

"ரகசியமா?"

"சண்டை எவ்வளவு குறைச்சு வைச்சாலும் கேக்கும். இவ்வளவு காலமும் எங்களுக்கு அந்தக் குசுகுசுப்புத்தான் கேக்கேல்லை. அதுக்குள்ளதான் கதையே இருக்கும். பிறகு ஏன் அவள் அழுகிறாள் எண்டு நாங்கள்தான் யோசிக்கிறது."

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ஒன்றாக உட்கார்ந்து அத்தனை படங்கள் பார்த்தோம். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? படத்தின் பாதியில் எழுந்து பல்கனிக்குப் போய்விடுகிறவனுக்கு எப்படித் தோன்றும்!

நானா வேறு படம் போட்டார். ஒரு பெண் இருட்டில் யாருக்கோ மெல்ல ஏதோ சொல்கிறாள். சுகந்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்று கம்பனி ஸ்பீக்கர்களிலும் அதே இடம். கடைசியாகக் கேட்டதைக் கைகாட்டினாள். பார்வைக்கு ஆகச் சாதாரணமானது அதுதான்.

"கதையெல்லாம் நடு ஸ்பீக்கர்லதான் வரும்" என்றார் நானா. "முன்னால மூணையும் ஒரே செட்டா எடுங்க. அதிர்ற பேஸ் சத்தத்துக்கு ஒரு பெட்டி, அது மட்டும் வெளிய நிக்கும்."

அப்பாடா... தூக்கிக்கொண்டு போக ஒன்றாவது மிஞ்சுகிறதே என்று நினைத்தேன்!

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுகந்தி கேட்டாள். "மாலைதீவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

"சுவர் அடிக்க முந்திச் சொல்லுங்கோ. போறதெண்டாப் போங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனா எனக்கு உந்த ஸ்பீக்கர் வேண்டாம். தனிய இருந்து படம் பாக்க எனக்கு போன் போதும்."

கோபமில்லை, அழுகையில்லை. பஸ் டிக்கெட்டைச் சுருட்டியபடி சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நான் எப்போதும் செய்வது அதுதான்.

அடுத்த கிழமை ஜிப்சம் வேலைக்கு ஒரு பாஸ், அதாவது மேஸ்திரி, வந்தார். சட்டம் அடித்தார், போர்ட் பூட்டினார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மாத்தயா, நீங்க படம் பாக்கிற எடத்தில குந்துங்க."

"எதுக்கு?"

"ஸ்பீக்கர் ஒங்கட காது ஒசரத்துக்கு வரணும். பிறகு மாத்த ஏலாது."

அறையில் இரண்டு கதிரைகள் இருந்தன. ஒன்றில் சுகந்தி ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டாள். மற்றதை நான் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "வாங்கோ" என்று சொல்லவில்லை. "மாலைதீவு" என்றும் சொல்லவில்லை.

உட்கார்ந்தேன்.

"ஆட வேணாம், மாத்தயா!" பாஸ் என் காதுக்கு நேரே டேப்பைப் பிடித்தார். என் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. காதை மட்டும் ஆடாமல் வைத்துக்கொண்டேன். சுவரில் ஒரு கோடு விழுந்தது. எத்தனையோ சுவர்களுக்குள் இருந்திருக்கிறேன், ஒன்றில்கூட என் அளவு இருந்ததில்லை.

அவர் வெட்டத் தொடங்கியதும் நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். "வரவில்லை மச்சான்." காரணம் எழுதவில்லை. ஸ்பீக்கர் என்று சொன்னால் நம்புவானா?

போன ஞாயிறு முதல் படம். நல்ல சத்தமாக வைத்தோம், தும்புத்தடி எதுவும் தட்டவில்லை. குசுகுசுப்பெல்லாம் துல்லியமாகக் கேட்டது. நான் நடுவில் இரண்டு தரம் எழுந்தேன். ஆனாலும் பல்கனி வரை போகவில்லை.

மறுநாள் பழைய பேப்பர்க்காரர் வந்தபோது சுகந்தி அலுமாரியைக் கண்ணால் காட்டினாள். மிக்சிப் பெட்டி, ஃபேன் பெட்டி, ஸ்பீக்கர் பெட்டி... எல்லாவற்றையும் நானே இறக்கிக் கொடுத்தேன்.

டிவியின் பெட்டி மட்டும் இன்னும் மேலேதான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் எறியச் சொன்னால் எப்படி?